ஒருநாள் மலையேற்றத்துக்கு அவசரப் பை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளியங்கிரி, சதுரகிரி, பர்வதமலை, கொழுக்குமலை, மேகமலை, வால்பாறை என்று காலையில் ஏறி மாலையில் இறங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறோம். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால். கூடாரம் அடித்துத் தங்கும் பயணத்துக்கும் இமயமலைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

1. காலைல போய் சாயங்காலம் திரும்பிடுவோம். இதுக்கு எதுக்குங்க எமர்ஜென்சி கிட்?

காட்டில் பிழைத்து வாழ்வதற்கு இல்லை. ஏதாவது ஆனபின் ரோட்டுக்கு வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்க. கால் சுளுக்கிய ஒருவரோடு இறங்கினால் இரண்டு மணி நேரப் பாதை ஐந்து மணி நேரம் ஆகும். அதற்குள் தண்ணீர் தீரும், இருட்டும், மழையில் நனைந்த உடம்பு நடுங்கும். பெரும்பாலான சிக்கல்கள் இந்த வரிசையில்தான் வருகின்றன. வெளிச்சம், கதகதப்பு, தண்ணீர், கட்டு, கூப்பிட ஒரு வழி: இந்த ஐந்துக்கும் பையில் ஏதாவது இருந்தால் போதும்.

2. சரி, உள்ளே என்னென்ன வைக்கணும்? மொத்தம் எவ்வளவு கனம் வரும்?

தலையில் மாட்டும் டார்ச்சும் மாற்று பேட்டரியும் 115 கிராம். வெள்ளி நிற அவசரப் போர்வை 60. பத்து சென்டிமீட்டர் அகல கிரேப் பேண்டேஜ் ஒன்று 60. ஐந்து காஸ் துணி, ஒரு மைக்ரோபோர் டேப், ஆறு பிளாஸ்டர், சின்ன பெட்டாடின் ஆயின்மென்ட், முள் எடுக்கும் இடுக்கி, நான்கு ஊக்கு எல்லாம் சேர்ந்து 70. மாத்திரைகள் 15 கிராம். ஓஆர்எஸ் பொட்டலங்கள் 45 கிராம். ஐந்து மீட்டர் மெல்லிய நைலான் கயிறு 35. பேனாவைச் சுற்றி ஒரு மீட்டர் டக்ட் டேப் 20. உப்பு 20. இரண்டு கடலைமிட்டாய் 60. விசில் 10. ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும். 5,000 எம்ஏஎச் பவர்பேங்க் 120. கூட்டினால் 650 கிராமுக்குள் அடங்கும். ஒரு முக்கால் லிட்டர் தண்ணீர் பாட்டிலைவிடக் குறைவு.

மழைக்கோட்டும் குடிதண்ணீரும் இந்தக் கணக்கில் இல்லை. அவை எப்படியும் முதுகில் இருக்க வேண்டியவை. எல்லாவற்றையும் தண்ணீர் புகாத ஒரு லிட்டர் பையில் போட்டு, முதுகுப்பையின் மேல் அறையில் வையுங்கள். அடியில் போட்டால், மழையில் எல்லாவற்றையும் வெளியே கொட்டித்தான் எடுக்க வேண்டிவரும். விசில் மட்டும் பைக்குள் வேண்டாம், தோள்பட்டை வாரில் தொங்கட்டும். பள்ளத்தில் விழுந்தவர் கைக்கு முதுகுப்பை எட்டாது.

3. இன்டர்நெட்ல பார்த்த லிஸ்ட்ல தீப்பெட்டி, லைட்டர், பெரிய கத்தி எல்லாம் இருக்கே. நீங்க போடவே இல்ல?

அந்தப் பட்டியல்கள் பனி பெய்யும் நாடுகளுக்கு எழுதப்பட்டவை. அங்கே தீ மூட்டத் தெரியாவிட்டால் இரவைத் தாண்ட முடியாது. இங்கே காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படியே குற்றம். மாசி, பங்குனியில் காய்ந்து நிற்கும் போதைப்புல் என்ற உயரமான மலைப்புல்லில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணியில் நடந்ததே சாட்சி. இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகள் அந்தக் காட்டுத்தீயில் இறந்தார்கள். சோதனைச்சாவடியில் தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வது உங்களைச் சிரமப்படுத்த அல்ல.

கத்திக்குப் பதில் மழுங்கிய முனையுள்ள சின்னக் கத்தரிக்கோல் போதும். துணி, டேப், கயிறு எல்லாம் அதில் வெட்டலாம்.

4. மெடிக்கல் ஷாப்ல ரெடிமேடா பர்ஸ்ட் எய்டு பாக்ஸ் விக்கிறாங்களே, அது போதாதா?

அது வீட்டு அலமாரிக்கு. பிளாஸ்டிக் பெட்டியே பாதி கனம். உள்ளே சின்னச் சின்ன பிளாஸ்டர் இருபது இருக்கும், சுளுக்குக்குக் கட்ட கிரேப் இருக்காது. மலையில் வரும் காயங்கள் பெரும்பாலும் மூன்று: கணுக்கால் சுளுக்கு, முழங்கால் உள்ளங்கைச் சிராய்ப்பு, கால் கொப்புளம். அவற்றுக்கு ஏற்பத் தனித்தனியாக வாங்கினால் செலவும் குறையும்.

ரத்தம் நிற்காமல் வரும் வெட்டுக்குக் காஸை நான்காக மடித்து வைத்து உள்ளங்கையால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றதா என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. உறைய ஆரம்பித்தது ஒவ்வொரு முறையும் பிய்ந்துவிடும். காஸ் நனைந்தால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வையுங்கள்.

5. தண்ணி எவ்வளவு எடுத்துட்டுப் போகணும்? ஓஆர்எஸ் எப்படிக் கலக்கணும்?

ஏற்றத்தில் ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரப் பாதைக்கு மூன்று லிட்டர். நடுவில் ஓடை இருப்பது உறுதி என்றால் இரண்டு லிட்டரோடு குளோரின் மாத்திரை. அட்டையில் ஒரு மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்று பாருங்கள். 20 லிட்டர் குடத்துக்கானதை ஒரு லிட்டர் பாட்டிலில் போட்டுவிட்டு நாற்றம் தாங்கவில்லை என்பவர்கள் உண்டு. கலங்கல் நீரைத் துணியில் வடிகட்டிவிட்டு மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

பெரிய ஓஆர்எஸ் பொட்டலம் முழு ஒரு லிட்டருக்கு. அதை அரை லிட்டரில் கொட்டினால் உப்பு அதிகமாகி வாந்தி வரும். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் போடுவதும் சரிப்படாது, உப்பும் குளுக்கோஸும் உள்ளே சமமாகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. 200 மில்லிக்கு ஒன்று என்று சின்னப் பொட்டலங்கள் கிடைக்கின்றன, பெரியது ஒன்றும் சின்னது நான்கும் வாங்கிக்கொள்ளுங்கள். டெட்ரா பாக்கெட்டில் வரும் இனிப்புப் பானங்களை ஓஆர்எஸ் என்று நம்பாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவைக்குப் பொருந்தாதவை அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவிட்டது. பொட்டலம் தீர்ந்துபோனால் ஒரு லிட்டருக்குத் தட்டையாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

6. போன்லயே டார்ச் இருக்கு. தனியா ஒண்ணு எதுக்கு?

ஒரு கையில் போன், மறு கையில் தடி. வழுக்கினால் எதைப் பிடிப்பீர்கள்? அதோடு, உதவிக்குக் கூப்பிட இருப்பது அந்த ஒரே போன்தான். அதன் சார்ஜை வெளிச்சத்துக்குச் செலவழிக்கக் கூடாது.

நம் பக்கம் சூரியன் விழுந்தால் இருபது இருபத்தைந்து நிமிடத்தில் கும்மிருட்டு. தேனி பக்கம்போல் கிழக்குப் பார்த்த சரிவாக இருந்தால் மலையே வெயிலை மறைத்துவிடும், ஐந்து மணிக்கே காட்டுக்குள் பாதை மங்கும். டார்ச் பைக்குள் தானாக எரிந்து தீர்ந்துபோவது வழக்கமான சங்கடம். பேட்டரிகளில் ஒன்றைத் தலைகீழாகப் போட்டு வைத்தால் அது நடக்காது.

7. அந்த வெள்ளிப் பேப்பர் போர்வை... நம்ம ஊர் வெயிலுக்கு அதெல்லாம் ஓவர் இல்லையா?

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமாராக 6.5 டிகிரி குறையும். பெரியகுளத்தில் 35 டிகிரி இருக்கும்போது 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலில் 23 இருக்கும். அது பகலில், உலர்ந்த உடம்புக்கு. மழையில் நனைந்து, காற்றில் உட்கார்ந்து, அடிபட்டு அசையாமல் இருப்பவருக்கு அதே இடத்தில் பல் கிட்டும். அவர் பேச்சு குழறி, "எனக்கு ஒண்ணுமில்ல, தூக்கம்தான் வருது" என்றால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள்.

முதலில் ஈரச் சட்டையைக் கழற்றி உலர்ந்ததைப் போடுங்கள். பிறகு போர்வை, அதன்மேல் மழைக்கோட்டு. அடியில் முதுகுப்பையைப் போட்டு உட்கார வையுங்கள். தரை உறிஞ்சும் சூடு காற்றைவிட அதிகம். மெல்லிய தாள் என்பதால் ஒரு ஓரம் கிழிந்தால் முழுதும் கிழியும், ஓரத்தில் டக்ட் டேப் ஒட்டிவிடுங்கள்.

8. மாத்திரை எதெல்லாம் வைக்கலாம்?

பாராசிட்டமால் 650 மில்லிகிராம் நான்கு, அலர்ஜிக்கு செட்ரிசின் 10 மில்லிகிராம் நான்கு. உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். இதைவிட முக்கியம், நீங்கள் தினமும் சாப்பிடுகிற மாத்திரை இரண்டு நாளைக்கு. ஆஸ்துமாக்காரருக்கு இன்ஹேலர். சர்க்கரை வியாதிக்காரருக்குக் கொஞ்சம் குளுக்கோஸ் பொடி. அட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தை விட்டு வெட்டாதீர்கள்.

கால்வலிக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டு ஏறும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும். பாம்புக்கடியில் இன்னும் மோசம், 13ஆம் கேள்வியில் பார்க்கலாம்.

9. கால் மடங்கிடுச்சு. கிரேப் பேண்டேஜ் எப்படிக் கட்டுறது?

ஷூவைக் கழற்றுவதற்குமுன் யோசியுங்கள். வீங்கியபின் திரும்ப மாட்ட முடியாது. நான்கு அடி வைத்து நடக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பின் மேலேயே தொட்டால் உயிர் போகிற வலி என்றாலோ, முறிவு என்றே வைத்துக்கொண்டு நடக்க விடாதீர்கள்.

நடக்க முடிந்தால்: பாதத்தைச் செங்கோணத்தில் வைத்து, விரல் அடியில் இரண்டு சுற்று, அங்கிருந்து குறுக்காக மேலேறிக் கணுக்காலைச் சுற்றி, மறுபடி குறுக்காக இறங்கிப் பாதத்துக்கு அடியில். எட்டு எழுதுவதுபோல் நான்கைந்து முறை. முனையை ஊக்கால் குத்துங்கள். கால்விரல் நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடியில் நிறம் திரும்ப வேண்டும். வராவிட்டால் கட்டு இறுக்கம், அவிழ்த்துத் தளர்த்துங்கள்.

10. கொப்புளம் வந்துட்டா ஊசி வச்சு குத்தலாமா?

வேண்டாம். சூடாக உறுத்த ஆரம்பித்தவுடன் நின்று அந்த இடத்தில் மைக்ரோபோர் ஒட்டினால் கொப்புளமே வராது. "மேலே போய்ப் பார்த்துக்கலாம்" என்பவர்களுக்குத்தான் வரும்.

11. அட்டை கடிச்சா என்ன பண்றது? பிடுங்கலாமா?

எடுக்கலாம், ஆனால் பிடித்து இழுக்கக் கூடாது. மெலிந்த முனைதான் வாய். அதன் ஓரத்தில் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். உடனே தடித்த முனையையும் அப்படியே. உப்பு போட்டாலும் விழும். ஆனால் கடிவாயின் மேலேயே உப்பைக் கொட்டும்போது அது குடித்ததைக் காயத்தில் கக்கலாம் என்பதால், உப்பு முடிச்சைக் கால் ஏறும் முன்பே பயன்படுத்துவது நல்லது. துணியில் உப்பை முடிந்து தடியின் முனையில் கட்டி, ஷூவில் ஏறுகிறவற்றைத் தொட்டுத் தட்டிக்கொண்டே போகலாம்.

ரத்தம் உறையாமலிருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்துகிறது, அதனால் ஒரு மணி நேரம்கூடக் கசியும். பயப்பட ஒன்றுமில்லை. காஸ் வைத்து டேப் ஒட்டுங்கள்.

12. பாதி வழில ஷூ சோல் பிய்ஞ்சு தொங்குது. ஏன் இப்படி ஆகுது?

பெரும்பாலும் பழைய ஷூ. தேய்ந்ததால் அல்ல, பரண்மேல் சும்மா கிடந்ததால். பாலியூரித்தேன் அடிப்பாகம் நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் வருடக்கணக்கில் சிதைந்துகொண்டே இருக்கும், வெளியே பார்த்தால் புதுசாகவே தெரியும். மலைக்கு முன் வாரம் ஒரு மணி நேரம் ஊருக்குள் போட்டு நடந்து பாருங்கள்.

பிய்ந்துவிட்டால், பேனாவில் சுற்றிய டக்ட் டேப்பை முன்பாதத்தில் மூன்று சுற்று. ஈரத்தில் டேப் ஒட்டாது, துடைத்துவிட்டு ஒட்டுங்கள். அதன்மேல் நைலான் கயிற்றை அடியில் குறுக்காகப் போட்டுக் கணுக்காலில் கட்டினால் அடிவாரம் வரை வரும்.

13. பாம்பு கடிச்சா கிட்ல என்ன உதவும்?

கிரேப் பேண்டேஜும் கயிறும், அதுவும் கடித்த கை அல்லது காலை அசையாமல் தடியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்ட மட்டும். கடிவாய்க்கு மேல் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். விரியன் கடியில் கீறிய இடம் ரத்தம் நிற்காமல் ஒழுகும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் கொடுத்தால் அது இன்னும் கூடும். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும்.

மோதிரம், மெட்டி, கொலுசு, வாட்ச் எல்லாவற்றையும் வீங்கும் முன் கழற்றுங்கள். கடித்த நேரத்தைக் காகிதத்தில் எழுதுங்கள். அவரை நடக்க விடாமல் தூக்கி வாருங்கள். நேராக விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான், பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. (அந்த மருந்துக்கான விஷத்தைப் பல வருடங்களாக எடுத்துக் கொடுப்பது வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம்.) மலையில் இருக்கும் குழிவிரியன்களுக்கு அந்த மருந்து கேட்காது என்றாலும் மருத்துவமனைக்குப் போவதில் மாற்றமில்லை. கட்டுவிரியன் கடி சில நேரம் வலிக்கவே வலிக்காது, வலியில்லை என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

14. மலைத்தேனீ துரத்தினா?

ஓடுங்கள். துண்டாலோ சட்டையாலோ முகத்தையும் தலையையும் மூடிக்கொண்டு, கையை வீசாமல் ஓடுங்கள். நசுங்கிய தேனீயின் வாசம் மற்றதையும் கூட்டும். தண்ணீருக்குள் மூழ்கி ஒளிவது உதவாது, தலை தூக்கும்வரை அவை மேலேயே சுற்றும்.

தப்பியபின் கொடுக்குகளை உடனே நகத்தால் வழித்து எடுத்துவிடுங்கள். வழிப்பதா இடுக்கியா என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் முக்கியம். தடிப்புக்குச் செட்ரிசின் போதும். உதடு நாக்கு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ தலை சுற்றி விழுந்தாலோ இந்தப் பையில் அதற்கு மருந்து இல்லை. அவருக்கு நிமிடங்கள்தான் இருக்கின்றன, உடனே 108.

15. காட்டுத்தீ வந்தா வெள்ளிப் போர்வையைப் போர்த்திக்கலாமா?

கூடவே கூடாது. அது பாலியஸ்டர் தாள், உருகித் தோலில் ஒட்டும். தீயணைப்பு வீரர்களின் காப்புறை வேறு பொருள், பார்க்க ஒன்றுபோல் இருப்பதால் வரும் குழப்பம் இது.

தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஏறும், ஆகவே சரிவில் மேலே ஓடாதீர்கள். ஏற்கெனவே எரிந்து கருகிய இடம், வெறும் பாறை, ஓடைப்படுகை இவற்றை நோக்கிப் பக்கவாட்டில் நகருங்கள். உயரமான புல் நடுவே ஒளிவதைப்போல ஆபத்து வேறில்லை. தீப்பருவத்தில் பருத்தி உடையே மேல், நைலான் உருகும்.

16. மேல சிக்னலே இல்ல. அப்போ போன் எதுக்கு?

உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் 112 என்ற அவசர எண்ணுக்கு அழைப்பு போக வாய்ப்புண்டு, முயன்று பாருங்கள். பேச்சு போகாத இடத்தில் குறுஞ்செய்தி போகலாம். ஜிபிஎஸ்ஸுக்கு நெட் தேவையில்லை. வரைபடத்தை மட்டும் வீட்டிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும். இடத்தைச் சொல்லும்போது புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் வரை வாசியுங்கள், ஏறக்குறைய பத்து மீட்டருக்குள் வந்துவிடுவார்கள். ஏறும்போது ஃப்ளைட் மோடில் வையுங்கள், கோபுரத்தைத் தேடித் தேடியே சார்ஜ் தீர்ந்துபோகும்.

சிக்னல் எதுவும் இல்லையென்றால் விசில். மூன்று ஊதல், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி மூன்று. கத்தினால் பத்து நிமிடத்தில் தொண்டை கட்டும். புறப்படும் முன், எந்தப் பாதை, எத்தனை பேர், வண்டி எண், எத்தனை மணிக்குள் கூப்பிடாவிட்டால் தேட வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்கு எழுதிக் கொடுங்கள். இதற்கு ஒரு கிராம்கூடக் கனமில்லை.

17. சேட்டிலைட்டில் மெசேஜ் அனுப்புற கருவி ஃபாரின்ல இருந்து வாங்கி வச்சிருக்கேன். கொண்டு வரலாமா?

இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே சட்டப்படி சிக்கல். விமான நிலையத்தில் இதற்காகத் தடுத்து நிறுத்தப்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் இருக்கிறார்கள். வீட்டிலேயே இருக்கட்டும்.

18. பத்து பேர் போறோம். ஆளுக்கு ஒரு கிட்டா, மொத்தத்துக்கு ஒண்ணா?

விசில், டார்ச், போர்வை, தண்ணீர், சொந்த மாத்திரை ஆளுக்கு ஒன்று. பிரிந்து போனவருக்குத்தான் அவை தேவைப்படும். கட்டுச் சாமான், ஓஆர்எஸ், கயிறு, டேப் பத்துப் பேருக்கு இரண்டு செட். ஒன்று நடுவில், ஒன்று கடைசியில் வருபவரிடம். வேகமாக முன்னால் போகிறவரிடம் கொடுத்தால், அடிபட்டவர் கீழே உட்கார்ந்திருக்க மருந்து மேலே உச்சியில் இருக்கும்.

19. வனத்துறை கைடு கூட வர்றார். அப்பவும் வேணுமா?

வேண்டும். 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளிலும் உள்ளூர் வழிகாட்டி வருவார். பாதை, யானை நடமாட்டம், காட்டாற்றின் போக்கு எல்லாம் அவருக்குத் தெரியும். உங்கள் இன்ஹேலர் அவரிடம் இருக்காது. 2015 மே மாதம் சதுரகிரியில் வந்ததுபோல் ஓடையில் திடீர் வெள்ளம் வந்தால், அவர் "நில்லுங்க" என்று சொல்லும் இடத்தில் மூன்று மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். அந்த நேரத்துக்குத்தான் 7ஆம் கேள்வியின் போர்வையும் இரண்டு கடலைமிட்டாயும். முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரில் கயிறு கட்டிக் கடக்க முயலாதீர்கள், நம் நைலான் கயிறு ஆளைத் தாங்காது.

20. ஏறும்போது ஒருத்தருக்கு நெஞ்சை அடைக்குதுன்னு சொன்னா?

"கொஞ்சம் மெதுவா வாங்க" என்று நடத்திக் கூட்டிப் போகாதீர்கள், மேலேயும் வேண்டாம் கீழேயும் வேண்டாம். முழங்கால் மடக்கிச் சாய்ந்து உட்கார வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். அலர்ஜியோ ரத்தப்போக்கோ இல்லாதவர் என்றால் 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் ஒன்றை மென்று விழுங்கச் சொல்லலாம். நாற்பது தாண்டியவர்கள் வரும் குழுவில் 8ஆம் கேள்விப் பட்டியலோடு இதையும் ஒன்று சேருங்கள். வெள்ளியங்கிரி, சதுரகிரி போன்ற இடங்களில் டோலி கிடைக்கும், ஆள் அனுப்பி வரவழையுங்கள்.

21. கிட்டை எத்தனை நாளுக்கு ஒரு தடவை பார்க்கணும்?

மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, தை மாதம் ஒருமுறை. முதலில் கெடுவது பிளாஸ்டரின் பசை, அடுத்து டார்ச் பேட்டரி கசிவது, பிறகு கிரேப்பின் இழுவிசை. கார் டேஷ்போர்டில் போட்டு வைக்காதீர்கள், மாத்திரையும் ஆயின்மென்டும் அந்தச் சூட்டில் வீணாகும். காலி உறை, தாள் எல்லாம் திரும்பிவர ஒரு துணிப்பை வையுங்கள்.

22. மலைக்குப் போய் வந்து பத்து நாள் ஆச்சு. இப்ப காய்ச்சல். இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வரும் உண்ணிக்காய்ச்சல் ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் தலைகாட்டும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்டதுபோல் வலியில்லாத கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாமலும் வரும். டாக்டரிடம் எந்தத் தேதியில் எந்தக் காட்டுக்குப் போனீர்கள் என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். சரியான ஆன்டிபயாட்டிக்கில் இரண்டு நாளில் இறங்கிவிடும் காய்ச்சல் இது. சொல்லாமல் விட்டால் வைரல் காய்ச்சல் கணக்கில் ஒரு வாரம் ஓடிப்போகும்.